இரும்பாலைகள் ஏன் ஊர் மாறுகின்றன?

ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரத்தில் ஹோர்டெ என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே நூற்றைம்பது ஆண்டுகளாக எரிந்துகொண்டிருந்த ஃபீனிக்ஸ் இரும்பாலை 2001-ல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு சீனாவிலிருந்து சுமார் ஆயிரம் தொழிலாளர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். ஆலையைப் பார்க்க அல்ல, பிரித்து எடுத்துப் போக. ஜியாங்சு மாகாணத்தின் ஷாகாங் என்ற நிறுவனம் அதை மொத்தமாக விலைக்கு வாங்கியிருந்தது. வாரத்தின் ஏழு நாளும் வேலை நடந்தது. குழாய், தூண், கிரேன், உருளை என்று ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றிக் குறியிட்டுப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். இயந்திரங்கள் சுமார் இரண்டரை லட்சம் டன். அவற்றைத் திரும்பப் பூட்டுவதற்கான வரைபடங்களும் குறிப்புகளும் மட்டும் 40 டன். யாங்சி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே அந்த ஆலை மறுபடி எழுந்தது.

சீனாவில் கூலி குறைவு, அதனால் போய்விட்டது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதிக் கதைதான். ஃபீனிக்ஸை மூடிய நிறுவனம் ஜெர்மனியில் இரும்பு உருக்குவதை நிறுத்தவில்லை. ஐம்பது அறுபது கிலோமீட்டர் மேற்கே, ரைன் நதிக்கரையில் உள்ள டூயிஸ்பர்க்கில் உற்பத்தியைக் குவித்தது. பிரேசிலிலிருந்து வரும் தாது ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கி, படகுகளில் ரைன் வழியாக நேராக டூயிஸ்பர்க் உலைக்கே வந்துவிடும். ஹோர்டெவுக்குப் போவதென்றால் அதற்கு மேலும் செலவு. ஹோர்டெயில் ஆலை பிறந்தபோது இந்தக் கணக்கே கிடையாது. அன்று நிலக்கரி காலடியில் கிடந்தது, அதுவே போதுமான காரணமாக இருந்தது. உலை நின்ற இடம் நூற்றைம்பது ஆண்டில் ஓரடி நகரவில்லை. அதைச் சுற்றியிருந்த கணக்குதான் நகர்ந்துவிட்டது.

அந்தக் கணக்கின் அடிப்படை எடை. 1909-ல் ஆல்ஃபிரட் வெபர் என்ற ஜெர்மானியப் பொருளியல் அறிஞர் தொழிற்சாலைகளின் இருப்பிடம் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மையக் கருத்தை எவரும் எளிதில் பிடித்துக்கொள்ளலாம். ஒரு பொருளைச் செய்யும்போது எந்தெந்தக் கச்சாப் பொருள் எடை இழக்கிறது என்று பாருங்கள். பருத்தி நூலாகும்போது ஏறக்குறைய முழு எடையும் நூலுக்குள்ளேயே போய்விடுகிறது. அதனால் நூற்பாலை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நிலக்கரியோ எரிந்து காற்றோடு போகிறது. ஒரு டன் கரியில் மிகச் சிறு பங்குதான் இரும்புப் பாளத்தில் மிஞ்சுகிறது. அப்படிக் கரைந்துபோகும் சுமையை நூறு மைல் இழுத்துவருவதைவிட, அது கிடைக்கும் இடத்திலேயே உலையை வைப்பது லாபம். சோறு பொங்க எத்தனை விறகு வேண்டும் என்பதைப் பொறுத்து அடுப்பை விறகுக்குப் பக்கத்தில் வைப்பதா, அரிசிக்குப் பக்கத்தில் வைப்பதா என்று முடிவு செய்வதைப் போன்றது இது.

நிலக்கரிக்கு முன்னால் மரக்கரியின் காலம். மரக்கரி நொறுங்கும் பொருள். வண்டியில் ஏற்றித் தொலைதூரம் கொண்டுபோனால் தூளாகிவிடும். ஆகவே காடு எங்கேயோ உலை அங்கே. காடு தீரத் தீர வெட்டும் இடம் தள்ளிப்போகும், கரியின் விலை ஏறும். நம் பரங்கிப்பேட்டைக்கு நேர்ந்தது இதுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் அங்கே ஐரோப்பிய முறையில் ஓர் இரும்பாலையைத் தொடங்கினார். சேலத்துத் தாது பரிசல்களில் ஆற்று வழியாக வந்தது. தாதுக்குக் குறைவில்லை, தரமும் உயர்வு. அந்த இரும்பு ஷெஃபீல்டு வரை போனது. ஆனால் சுற்றியிருந்த காடுகளால் உலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, நிறுவனமும் நட்டத்திலிருந்து மீளவில்லை. 1860-களில் எல்லாம் அணைந்தது.

இங்கிலாந்தில் இதே முட்டுக்கட்டை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வந்தது. 1709-ல் கோல்புரூக்டேலில் ஆபிரகாம் டார்பி, காற்றுப் புகாமல் சுட்ட நிலக்கரியான கோக்கைக் கொண்டு இரும்பு உருக்கிக் காட்டினார். உலை காட்டை விட்டு நிலக்கரி வயலுக்கு நகரத் தொடங்கியது. நகர்ந்த இடத்தில் அதற்குப் பசியும் பெரிதாக இருந்தது. 1829-ல் ஸ்காட்லாந்தின் கிளைடு இரும்பாலையில் ஒரு டன் இரும்புக்கு எட்டு டன் நிலக்கரி தேவைப்பட்டது. எட்டு டன்னைச் சுமந்துகொண்டு யார் தாதுவைத் தேடிப் போவார்கள்? தாதுதான் நிலக்கரியைத் தேடி வந்தாக வேண்டும்.

அந்த உலையில் ஜேம்ஸ் பியூமான்ட் நீல்சன் செய்த மாற்றத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. உலைக்குள் ஊதும் காற்றைச் சூடாக்கி ஊதினார், அவ்வளவுதான். குளிர்ந்த காற்றுதான் நல்ல இரும்பு தரும் என்று உலைக்காரர்கள் உறுதியாக நம்பிய காலம் அது. குளிர்காலத்தில் உலை நன்றாக வேலை செய்வதை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். நீல்சனோ கிளாஸ்கோவின் எரிவாயு ஆலையில் மேலாளராக இருந்தவர், இரும்புத் தொழிலுக்கு வெளியாள். 1833 வாக்கில் அதே கிளைடு ஆலையில் ஒரு டன் இரும்புக்கு இரண்டேகால் டன் நிலக்கரி போதும் என்றானது. இன்றைய பெரிய ஆலைகளில் ஒரு டன் எஃகுக்கு நிலக்கரி சுமார் 0.8 டன், தாது சுமார் 1.4 டன். தராசு எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது பாருங்கள். நிலக்கரியின் பிடி ஒவ்வொரு கண்டுபிடிப்பிலும் தளர்ந்தது. உலை மெல்லத் தாதுவின் பக்கம் திரும்பியது.

தாதுவின் பக்கம் திரும்பியதும், எந்தத் தாது என்ற கேள்வி எழுந்தது. இங்கேதான் வேதியியல் தேச எல்லைகளோடு விளையாடியது. 1856-ல் ஹென்றி பெஸ்ஸிமர், உருகிய இரும்புக்குள் காற்றைச் செலுத்தி நிமிடக் கணக்கில் எஃகாக்கும் முறையை அறிவித்தார். ஆனால் தாதுவில் பாஸ்பரஸ் கலந்திருந்தால் அந்த எஃகு நொறுங்கியது. ஐரோப்பிய மண்ணில் கிடைத்த தாதுவில் பெரும்பகுதி பாஸ்பரஸ் கலந்தது. ஸ்பெயினின் பில்பாவோ பகுதித் தாதுவில் அது குறைவு. வேல்ஸ் மலைகளுக்குள் மெர்தர் டிட்ஃபில் ஊரில் இருந்த புகழ்பெற்ற டௌலைஸ் ஆலை, கப்பலில் வரும் ஸ்பானியத் தாதுவைத் துறைமுகத்திலிருந்து ரயிலில் மலைக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. அந்தச் செலவைத் தாங்க முடியாமல் 1891-ல் நிறுவனம் கார்டிஃப் கடற்கரையில் புதிய ஆலையைத் திறந்தது. மலைமேல் இருந்த பழைய ஆலை நாற்பது ஆண்டுகள் தேய்ந்து, 1930-ல் பெரும்பகுதி மூடப்பட்டது. ஆலை இறங்கிப் போன வழியில் ஊராரும் இறங்கிப் போக முடியவில்லை. வீடு, சர்ச், இடுகாடு எல்லாம் மேலே இருந்தன. 1930-களில் மெர்தரில் வேலை செய்யக்கூடிய ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேலையின்றி இருந்தார்கள்.

பாஸ்பரஸ் சிக்கலை அவிழ்த்தவர் ஓர் எழுத்தர். சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ், லண்டன் போலீஸ் நீதிமன்றத்தில் பகலில் கோப்பு எழுதிவிட்டு, மாலையில் பர்க்பெக் கல்லூரியில் வேதியியல் படித்தவர். உலையின் உள்சுவர் மணற்கல்லால் ஆனது, அதாவது அமிலத் தன்மையுள்ளது. பாஸ்பரஸைப் பிடித்திழுக்கச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்பைப் போட்டால் அது சுவரையே தின்றுவிடும். தாமஸ் சுவரை மாற்றினார். சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த டோலமைட்டால் உள்பூச்சு வைத்து, வேல்ஸின் பிளேனேவான் ஆலையில் வேலைபார்த்த தன் உறவினர் பெர்சி கில்கிறிஸ்டைக் கொண்டு சோதித்தார். 1879-ல் மிடில்ஸ்பரோவில் பெரிய அளவில் செய்துகாட்டியபோது ஐரோப்பா முழுவதிலிருந்தும் எஃகு முதலாளிகள் உரிமம் கேட்டு ஓடி வந்தார்கள். பாஸ்பரஸ் கசடோடு வெளியேறியது. அந்தக் கசடும் நல்ல உரமாக வயலுக்குப் போனது. தாமஸ் 34 வயதில், 1885-ல் இறந்துபோனார்.

அவர் கண்டுபிடிப்பு திறந்துவிட்ட தாது வயல்களில் பெரியது லொரேன். 1871-ல் பிரான்சைத் தோற்கடித்த ஜெர்மனி, லொரேனின் ஒரு பகுதியைத் தாது வயல்களோடு எடுத்துக்கொண்டது. பிரியே பகுதியில் ஆழத்தில் கிடந்த பாஸ்பரஸ் தாது அன்று பயனற்றதாகத் தோன்றியதால் அது பிரான்சிடமே விடப்பட்டது. எட்டே ஆண்டில் அந்த ‘பயனற்ற’ நிலம் புதையலானது. பாஸ்பரஸைப் பிரிக்கும் வழி தெரியாத நாளில் வரைந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் உலைகள் முளைத்தன. அடுத்த போரில் இருதரப்பும் இந்த மண்மேல் கண்வைத்திருந்ததில் வியப்பில்லை.

இந்தியாவில் இடத்தேர்வின் பாடநூல் உதாரணம் ஜாம்ஷெட்பூர். 1904-ல் நிலவியல் அறிஞர் பிரமதநாத் போஸ், மயூர்பஞ்சின் கோருமகிசானி மலையில் தரமான தாது இருப்பதாக ஜாம்ஷெட்ஜி டாடாவுக்கு எழுதினார். ஜாம்ஷெட்ஜி அதே ஆண்டு இறந்தார். தேடல் நிற்கவில்லை. ஒரு பக்கம் தாது மலை, மறுபக்கம் ஜரியா நிலக்கரி, சுபர்ணரேகாவும் கர்காயும் கூடுமிடத்தில் தண்ணீர், அருகே கல்கத்தா ரயில் பாதை. சாக்சி என்ற சிற்றூரில் இவை நான்கும் சந்தித்தன. 1912-ல் முதல் எஃகு வார்க்கப்பட்டது.

பிறகு அரசு வந்து தராசைக் கையிலெடுத்தது. 1950-களில் எஃகின் சரக்குக் கட்டணம் நாடெங்கும் சமமாக்கப்பட்டது. ஜாம்ஷெட்பூர் வாசலில் என்ன விலையோ அதே விலைதான் சென்னையிலும். நிலக்கரிக்கும் இது பொருந்தியது. 1990-களின் தொடக்கம் வரை நீடித்த இந்தக் கொள்கை, பீகாருக்கும் ஒடிசாவுக்கும் வங்காளத்துக்கும் இயற்கை தந்த ஒரே வலுவைப் பறித்தது. எஃகை வாங்கி இயந்திரமும் வண்டியும் செய்யும் ஆலைகள் தாதுப் பகுதிக்குப் போகவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. அம்பத்தூரிலும் புனேவிலும் பட்டறைகள் பெருகின. தமிழ்நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு நம் உழைப்பும் படிப்பும் காரணம்தான். கிழக்கு மாநிலங்கள் இழந்ததில் ஒரு பங்கும் அதில் இருக்கிறது என்பதை நாம் மறக்கக்கூடாது. சேலத்தின் கஞ்சமலைக் கதை இதற்கு நேர்மாறு. தாது அங்கேயே இருக்கிறது, உருக்காலையும் பக்கத்தில் வந்தது. ஆனால் குறைந்த தரமுள்ள அந்தத் தாதுவை அது உருக்கவில்லை. வெளியிலிருந்து எஃகை வரவழைத்துத் துருப்பிடிக்காத தகடாக உருட்டும் ஆலையாகவே அது தொடங்கியது.

தாது, நிலக்கரி இரண்டையும் விட்டு உலை கடலோரம் போனது ஜப்பானின் துணிச்சல். உள்நாட்டில் நல்ல தாதும் இல்லை, போதுமான கோக்கிங் நிலக்கரியும் இல்லை. 1953-ல் கவாசாகி நிறுவனம் டோக்கியோ வளைகுடாவில் கடலைத் தூர்த்த நிலத்தில், சிபா ஆலையின் முதல் ஊதுலையை மூட்டியது. ஆலையின் ஒரு பக்கம் தாதுக் கப்பல் நிற்கும், மறுபக்கத்தில் எஃகு கப்பலேறும். கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக இந்தக் கணக்கு இனித்தது. இன்று நான்கு லட்சம் டன் தாது சுமக்கும் கப்பல்கள் ஓடுகின்றன. கடல்வழி பத்தாயிரம் கிலோமீட்டர், தரைவழி சில நூறு கிலோமீட்டரைவிட மலிவாகிவிட்டது. கொரியாவின் போஹாங், நம் விசாகப்பட்டினம் எல்லாம் இந்த வழியில் பிறந்தவை.

அடுத்த திருப்பம் மின்சாரம். மின்வில் உலைக்கு ஊதுலை வேண்டாம், கோக் வேண்டாம். பழைய இரும்பும் மின்சாரமும் போதும். பழைய இரும்பு விளையும் வயல் நகரம்தான். உடைந்த கார், இடித்த கட்டடத்தின் கம்பி, காயலான் கடைத் தகரம் எல்லாம் அங்கேதான் சேர்கின்றன. சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் வரிசையாக நிற்பதற்கும் இதுதான் காரணம். பக்கத்தில் பெருநகரம், பக்கத்தில் துறைமுகம்.

இப்போது சுவீடனின் வடக்கே இன்னொரு கணக்கு எழுதப்படுகிறது. தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனைப் பயன்படுத்துவது. புகைக்குப் பதில் நீராவி வெளிவரும். 2021-ல் லூலியோ நகரத்தின் முன்னோடி ஆலையில் அப்படி இரும்பு பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். அங்கே ஆறுகளில் நீர்மின்சாரமும் கிருனாவில் தாதும் இருக்கின்றன. இந்த முறை பரவினால், வெயிலும் காற்றும் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் தாதுவை இரும்பாக்கி, எஃகை வேறிடத்தில் செய்வது வழக்கமாகலாம். நெடுங்காலமாக ஒரே கூரையின் கீழ் இருந்த இரண்டு வேலைகள் இரண்டு கண்டங்களுக்குப் பிரிந்துபோகும்.

2024 செப்டம்பரில் டாடா ஸ்டீல் நிறுவனத்தில் பத்து நாள் இடைவெளியில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. 20-ஆம் தேதி ஒடிசாவின் கலிங்கநகரில் இந்தியாவின் மிகப்பெரிய ஊதுலை மூட்டப்பட்டது. அதன் கொள்ளளவு 5,870 கன மீட்டர். 30-ஆம் தேதி வேல்ஸின் போர்ட் டால்பட்டில் கடைசி ஊதுலை அணைக்கப்பட்டது. அந்த இடத்தில் பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலை வரப்போகிறது. அதற்குத் தேவையான ஆட்கள் மிகக் குறைவு, ஆகவே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. ஓர் ஊதுலையின் உள்சுவர் பதினைந்து இருபது ஆண்டு உழைக்கும். பிறகு கோடிக்கணக்கில் செலவழித்துச் செங்கல் மாற்ற வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும். கலிங்கநகர் உலைக்கு அந்த நாள் 2040-களின் தொடக்கத்தில் வரும். அன்று மின்சாரம் எங்கே மலிவு, கரிப்புகைக்கு வரி எவ்வளவு என்பதை வைத்து அந்த முடிவு எடுக்கப்படும். உலைக்கு நிலம் கொடுத்து, அதை நம்பிக் குடியேறிய குடும்பங்களுக்கு மாற்று வழி என்ன என்ற பேச்சை 2040 வரை தள்ளிப்போடத் தேவையில்லை. ஜெர்மனியின் ரூர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களை மூட, வலுக்கட்டாயமாக ஒருவரையும் வெளியேற்றாமல், 2018 வரை பல ஆண்டுகள் படிப்படியாகத் திட்டமிட்டார்கள். டௌலைஸில் அப்படி எவரும் முன்கூட்டி யோசிக்கவில்லை.