படியேற இயலாத குழந்தையும் நம் சங்கத்துக் குழந்தையே

தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியிலிருந்து காவடி ஏந்திப் பழனிக்குக் கால்நடையாகச் செல்லும் வழக்கத்தை நம் அங்கத்தினர் யாவரும் அறிவர். நடக்கவியலாத குழந்தையைப் பெற்றவர்களுக்கு அம்மலைப் படிகள் ஒரு காலத்தில் பெருந்தடையாக இருந்தன. 1966-ஆம் ஆண்டில் ‘வின்ச்’ என்னும் இழுவை வண்டியும், 2004-ஆம் ஆண்டில் ‘ரோப் கார்’ வசதியும் அங்கே ஏற்பட்டன. மலை அதே உயரந்தான். ஏறும் வழி மாத்திரம் கூடிற்று.

சென்னை மெரினாக் கடற்கரையின் வரலாறும் இத்தகையதே. மணலில் சக்கர நாற்காலி புதைந்துவிடுமாதலால், பல குழந்தைகள் தொலைவிலிருந்தே கடலைப் பார்த்துத் திரும்ப நேர்ந்தது. மாற்றுத்திறனாளிகள் விடாது கேட்டு வந்ததன் பயனாக, முதலில் டிசம்பர் 3-ஆம் நாளை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடப்பட்டது. 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீளமுள்ள நிலையான மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. பின்னர் அதுவும் செப்பனிடப்பட்டது. அமைப்பதோடு கடமை முடிவதில்லை, பேணவும் வேண்டும் என்பது இதில் நாம் கற்கும் பாடம்.

இனி நம் ஊரைப் பார்ப்போம். சங்க அலுவலகம், திருமண மண்டபம், விற்பனைக் கூடம் ஆகியவற்றில் படிகள் இல்லாத வாயில் எத்தனை? குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேற முடியாத தாய் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். பொதுக்குழுவில் அவள் குரல் இல்லை. உறவினர் திருமணத்தில் அவள் முகம் இல்லை. “அவர்கள்தாம் வருவதில்லையே, சாய்தளம் எதற்கு?” என்று கேட்பாரும் உளர். வழி இல்லாமையாலேயே அவர்கள் வருவதில்லை என்பதை இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளமுள்ள சாய்தளம் வேண்டும்; அதற்கு இருபுறமும் கைப்பிடி வேண்டும். கதவு மூன்றடி அகலம் இருத்தல் நலம். கழிப்பறைக்குள்ளும் சக்கர நாற்காலி செல்ல இடம் வேண்டும். கூலி பட்டுவாடாவிலும் விளைபொருள் எடை போடும் இடத்திலும் இக்குடும்பத்தாருக்கு முன்னுரிமை அளிக்கலாம்.

சில குழந்தைகளின் இடர் கண்ணுக்குத் தெரியாது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஒலிபெருக்கியின் ஓசை தாங்கொணாத் துன்பமாகலாம். மண்டபத்தில் ஓர் அமைதியான அறையை ஒதுக்குவது எளிது. குழந்தை அலறும்போது தாயை முறைத்துப் பாராதிருத்தல் அதனினும் எளிது; அதற்குக் காசும் தேவையில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை வரையறுத்து, பொதுக் கட்டடங்கள் யாவரும் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்று விதித்துள்ளது. ஆகவே நாம் செய்வது தருமமன்று, கடமை.

அங்கத்தினர்களே! அடுத்த பொதுக்குழுவில் இதற்கென ஒரு தொகை ஒதுக்கத் தீர்மானம் கொண்டு வாருங்கள். கொத்தனாரை அழைக்குமுன் அக்குழந்தைகளின் பெற்றோரை அழைத்து, எது தடையாக இருக்கிறது என்று கேளுங்கள். இழை அறுந்தால் முடிந்து நெய்பவர்கள் நாம். பாவையே அறுத்தெறிபவர்கள் அல்லோம். அங்கத்தினர் குடும்பம் ஒன்றுகூட வாயிலுக்கு வெளியே நிற்கலாகாது என்பதே நம் விருப்பம்.