மாத்திரையே தரும் தலைவலி

மாதம் நாலைந்து முறை வந்த ஒற்றைத் தலைவலி இப்போது அநேகமாகத் தினமும் வருகிறது, தினமும் மாத்திரை போட்டும் அடங்கவில்லை என்று ஜெர்மனியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மா, சந்தேகப்பட வேண்டியது அந்த மாத்திரையைத்தான். எங்கள் ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறங்கியதும் பெரியப்பா பெரிய மோட்டார் போட்டார். தண்ணீர் இன்னும் கீழே போனது. அடிக்கடி மாத்திரை போட்டால் மூளையின் வலி தாங்கும் வரம்பும் அப்படித்தான் இறங்கிக்கொண்டே போகிறது.

ஜெர்மன் மருத்துவர்கள் 10-20 விதி என்று ஒன்று சொல்கிறார்கள். மாதத்தில் 10 நாளுக்கு மேல் தலைவலி மாத்திரையைத் தொடக்கூடாது. குறைந்தது 20 நாள் அது இல்லாமல் கழிய வேண்டும். எண்ண வேண்டியது நாட்களை. ஒரே நாளில் இரண்டு போட்டாலும் அது ஒரு நாள்தான். தினம் அரை மாத்திரை போட்டால் 30 நாள். அங்கே பிரபலமான தோமாபிரின் கிளாசிக்கில் ஆஸ்பிரின் 250, பாராசிட்டமால் 200, காஃபீன் 50 மில்லிகிராம் சேர்ந்திருக்கின்றன. இத்தகைய கூட்டு மாத்திரைகளுக்கும், ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரைகளுக்கும் மாதம் 10 நாளே ஆபத்தின் எல்லை; ஒரே வலி மருந்து மட்டும் உள்ள சாதாரண மாத்திரைகளுக்கு 15.

எனக்குத் தீராத வியப்பு இதுதான்: தலைவலியே அறியாதவர் மூட்டுவலிக்காக இதே மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கினாலும் அவருக்குப் பொதுவாக இந்தத் தொல்லை வருவதில்லை. ஒற்றைத் தலைவலிக்காரர் மூட்டுவலிக்கென்று போட்டாலும் தலைவலி பெருகலாம். அந்த மூளையின் சுபாவம் அப்படி.

மாத்திரையை நிறுத்தினால் முதலில் வலி கூடும். ஜெர்மனியின் எஸ்ஸன் நகர மருத்துவர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், டிரிப்டானை நிறுத்தியவர்களுக்கு அந்த வலி சராசரியாக 4.1 நாள் நீடித்தது. சாதாரண வலி மாத்திரைகளை நிறுத்தியவர்களுக்கு 9.5 நாள். சாதாரணம் என்று நாம் நினைப்பதுதான் அதிக நாள் படுத்துகிறது!

ஜெர்மனியில் 2009 முதல், 10 கிராமுக்கு மேல் பாராசிட்டமால் உள்ள பெட்டிக்கு மருந்துச் சீட்டு வேண்டும். நம் ஊரிலோ பெட்டிக்கடையில்கூட ஒற்றை மாத்திரையைக் கிழித்துத் தருகிறார்கள். எச்சரிக்கைக் காகிதம் வாங்குபவர் கைக்கு வருவதே இல்லை. இந்த அலட்சியம் எனக்குப் பொறுக்கவில்லை.

வாசகிக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் என் வேண்டுகோள்: மாத்திரை போட்ட நாளையெல்லாம் காலண்டரில் குறியுங்கள். அதை எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். ஓபியாய்டு வகை மாத்திரையோ தூக்க மாத்திரையோ பழகியிருந்தால், அவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.