உயிர் முந்தி, நிரை பிந்தி



"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது களத்து மேட்டில் நெல் தூற்றியவர்கள் சொன்ன பழமொழி. நம் ரப்பர் காட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் அது பொருந்தாது. இங்கே பலத்த காற்று எழும்பினால் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு மரத்தடியை விட்டு வெளியே வர வேண்டும். வெயில் உச்சிக்கு வந்தால் நிழலுக்குப் போக வேண்டும். சொல்வதற்கு எளிதான காரியம்தான். ஆனால் நாம் செய்கிறோமா?

"இன்னும் ரெண்டு நிரைதாங்க அண்ணே, முடிச்சிட்டு உக்காந்துக்கறேன்." நான் போகிற தோட்டங்களில் எல்லாம் காதில் விழும் பேச்சு இது. அந்த இரண்டு நிரையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

கெடா, பெர்லிஸ் பக்கம் ஆண்டின் முதல் மாதங்களில் மழை குறையும். ரப்பர் மரம் இலை உதிர்த்து நிற்கும்; தலைக்கு மேல் நிழல் இருக்காது. எல் நினோ வரும் ஆண்டுகளில் வெயில் இன்னும் கடுமை. கரும்புக்குப் பேர் போன பெர்லிஸ் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் தேதி 40.1 டிகிரி பதிவானது. 2016இல் வெயில் தாங்காமல் கெடா, பெர்லிஸ் பள்ளிக்கூடங்களையே சில நாள் மூடினார்கள். 2024 தொடக்கத்தில் பகாங்கில் 22 வயது இளைஞர் ஒருவர் வெப்பத் தாக்கினால் இறந்தார். கிழவர்தான் சாவார் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வானிலை இலாகா மூன்று நிலைகளில் எச்சரிக்கை தருகிறது. தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி என்றால் முதல் நிலை. 37 முதல் 40 என்றால் இரண்டாம் நிலை. 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. ஒன்றை மறக்காதீர்கள். அது நிழலில் வைத்த கருவி காட்டும் கணக்கு. வெட்டவெளியில் குலை சுமக்கிறவன் முதுகில் விழும் சூடு அதைவிட அதிகம்.

உடம்பு முன்கூட்டியே சொல்லும்

வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை ஊற்றும், ஆனால் லேசில் காயாது. உள்சூடு ஏறிக்கொண்டே போகும்.

முதலில் கெண்டைக்காலிலும் வயிற்றிலும் தசை இழுக்கும். அடுத்து தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கை கால் சோர்வு. சிறுநீர் தேயிலைச் சாயம்போல் இறங்கும். இந்தக் கட்டத்தில் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதையும் மீறி அரிவாளைத் தூக்கினால் அடுத்தது ஆபத்து. பேச்சு குழறும், சொன்னது புரியாது, நடை தள்ளாடும், உடம்பு நெருப்பாய்ச் சுடும். உள்சூடு 40 டிகிரிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். வேர்வை நின்று தோல் காய்ந்தும் இருக்கலாம், வேர்த்துக்கொண்டும் இருக்கலாம். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். "காலையிலேயே குடிச்சிட்டு வந்திருக்கான்" என்று சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். அவன் செத்துக்கொண்டிருக்கலாம்.

அப்படி ஒருவர் விழுந்தால் உடனே நிழலுக்குத் தூக்குங்கள். பூட்ஸ், சட்டையைக் கழற்றுங்கள். கிடைக்கிற தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருவர் 999க்குப் பேசட்டும், மற்றவர் குளிர வைப்பதை நிறுத்தக் கூடாது. லோரி வரட்டும் என்று சும்மா காத்திருக்கிற நேரத்தில்தான் உயிர் போகும்.

தண்ணீரைத் தாகம் வந்த பிறகு தேடாதீர்கள். கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு குவளை குடியுங்கள். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் நல்லது. வெறும் வயிற்றோடு பெரட்டுக்கு வராமல் பசியாறிவிட்டு வாருங்கள். முதல் நாள் ராத்திரி சாராயம் குடித்தவனுக்கு மறுநாள் வெயில் இரண்டு மடங்கு. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவரையும், நீண்ட லீவு முடிந்து திரும்பியவரையும் முதல் நாளே முழு வேலையில் தள்ளக்கூடாது. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். இன்று நம் பக்கத்து நிரையில் நிற்பவர் வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்த தம்பியாக இருக்கலாம். மொழி தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீர் போத்தலை நீட்ட மொழி வேண்டாம்.

காற்று எழும்பினால்

மேற்குக் கரைத் தோட்டங்களுக்குச் 'சுமத்திராக் காற்று' தெரியும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையில் மலாக்கா நீரிணையில் ராத்திரி உருவாகி, விடியும் நேரத்தில் கரையேறி அடிக்கும். பால் வெட்டுக்குப் போகிற நேரமும் அதுதான். வயதான ரப்பர் மரம் பாதியில் முறியும். வேர் அழுகிய மரம் வேரோடு சாயும். மேற்கே வானம் கறுத்து, குளிர்காற்று திடீரென வீசினால் மங்கையும் பாலையும் பார்க்காதீர்கள். திறந்த சாலைக்கோ ஸ்டோருக்கோ போய்விடுங்கள். மரத்தடி சாலையில் மோட்டார் சைக்கிளை விரட்டாதீர்கள். கொட்டிப்போன பால் நாளைக்கும் வரும்.

செம்பனையில் காய்ந்த மட்டை எப்போது விழும் என்று சொல்ல முடியாது. காற்றில் மரம் ஆடும்போது குலை நினைத்த இடத்தில் விழாது. அலுமினியக் கம்பு வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். உயரமான கம்பைக் காற்று சாய்க்கும், கை தாங்காது. பக்கத்தில் மின்கம்பி இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அலுமினியத்தில் மின்சாரம் பாயும். மின்கம்பி ஓரத்து நிரையைக் காற்றுள்ள நாளில் தொடவே வேண்டாம். காற்றில் அறுந்து விழுந்த கம்பியையும் நெருங்காதீர்கள்.

மருந்தடிக்கும் தாய்மார்களுக்கு வெயிலும் காற்றும் இரட்டைச் சோதனை. முகமூடி, கையுறை, ஏப்ரன் எல்லாம் போட்டால் உள்ளே வேகும். கழற்றினால் வேர்த்த தோலில் மருந்து இறங்கும். "வேகுதுங்க, அதான் மாஸ்க்கைக் கழட்டிட்டேன்" என்று சொல்கிற அக்காமாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரத்தை மாற்றுவதுதான் வழி. விடிந்ததும் அடித்து, வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். சிறு கிளைகள் விடாமல் ஆடுகிற காற்று என்றால் மருந்தடிப்பை நிறுத்த வேண்டும். காற்றுக்கு எதிரே நின்று அடிக்கவே கூடாது. பாராகுவாட் மருந்து 2020 முதல் இந்நாட்டில் தடை. அது போய்விட்டது என்பதற்காக மற்ற மருந்தெல்லாம் பன்னீர் ஆகிவிடாது.

தீயும் இந்தக் காலத்தில்தான் பிடிக்கும். உதிர்ந்த ரப்பர் இலையும் காய்ந்த லாலானும் ஒரு சிகரெட் துண்டுக்குக் காத்திருக்கின்றன. லயத்துக்குப் பின்னால் குப்பை கொளுத்தாதீர்கள். திறந்தவெளி எரிப்பு 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். காம்புட் எனும் சதுப்பு மண்ணுள்ள தோட்டங்களில் தீ மண்ணுக்கு அடியில் புகைந்துகொண்டே போகும். மேலே அணைந்தது போல் காட்டி வேறிடத்தில் கிளம்பும். அணைக்கப் போகாமல் பொம்பாவைக் கூப்பிடுங்கள். காற்று போகிற பக்கமாக ஓடாதீர்கள். தீ உங்களைவிட வேகமாக வரும். பக்கவாட்டில் விலகி வெறும் சாலைக்கு வாருங்கள்.

உட்கார்ந்தால் சம்பளம்?

இதைக் கேட்காமல் யாரும் விடமாட்டீர்கள் என்று தெரியும். "உக்காந்தா டன் குறையும், டன் குறைஞ்சா சம்பளம் குறையும். நீங்க பேசிட்டுப் போயிடுவீங்க." நியாயமான பேச்சு. வெயிலில் நம்மை நிற்க வைப்பது ஆசை இல்லை, அடுப்பு. அதனால்தான் 'நிழலில் உட்காருங்கள்' என்ற புத்திமதி மட்டும் போதாது. உட்காரும்படி வேலையை அமைக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

சட்டம் என்ன சொல்கிறது? ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கினால் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும். டன் கணக்கு, துண்டு வேலைக்காரருக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் உண்டு. 2025 பிப்ரவரி முதல் அது 1,700 வெள்ளி. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக்கூடாது. முதலில் சொல்ல வேண்டும் என்பதைக் கவனியுங்கள். மண்டோரிடம் சொல்லுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் அடிபட்டால் 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்கு அறிவிப்பது முதலாளியின் பொறுப்பு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பெர்கேசோ உண்டு.

தனியாக ஒருவர் போய்க் கேட்டால், "முடியலன்னா வீட்டுக்குப் போ" என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து, தோட்டக் கமிட்டி வழியாகக் கேளுங்கள். நான்கே நான்கு கோரிக்கை: வெயில் காலத்தில் வேலையைச் சீக்கிரம் தொடங்கி உச்சிக்கு முன் முடிப்பது, காட்டுக்குள்ளேயே குடிதண்ணீர், உட்கார ஒரு நிழல் கொட்டகை, காற்றிலும் வெயிலிலும் வேலை நின்ற நேரத்துக்குச் சம்பளம் எப்படி என்று எழுத்தில் ஒரு முடிவு.

அதுவரையில், ஒருவருக்கொருவர் கண்ணாக இருங்கள். பக்கத்து நிரைக்காரரின் குரல் கேட்கிறதா என்று அடிக்கடி கூப்பிட்டுப் பாருங்கள். விட்டுப்போன இரண்டு நிரையை நாளைக்கு வெட்டலாம். வீட்டில் காத்திருக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு அப்பாவையோ அம்மாவையோ எந்த நிர்வாகமும் கொடுக்காது.