பதில் கேட்காத இரண்டு வரி

தஞ்சாவூரில் ஆபரேஷன் முடிந்து ஒருவர் ஊருக்குத் திரும்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நமக்குப் பெரியப்பா முறை, அறுபதைத் தாண்டிய விவசாயி. நாம் சென்னையிலோ திருப்பூரிலோ இருக்கிறோம். போனை எடுத்து ஏதோ தட்டுகிறோம், அழிக்கிறோம். கடைசியில் குடும்ப குரூப்பில் யாரோ போட்ட ரோஜாப்பூப் படத்தையே அவருக்கும் அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் என்ன எழுதலாம் என்று நிதானமாக யோசிப்போம்.

முதலில் எப்போது எழுதுவது? ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை ஆள் வந்துகொண்டே இருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் கட்டிலுக்கடியில் சேரும். வீடு வந்து இரண்டு வாரம் போனால் வாசல் வெறிச்சோடிவிடும். பசி எடுக்கவும் தூக்கம் சீராகவும் மாதக்கணக்காகலாம். ஊர் என்னவோ தையல் பிரித்த அன்றே அவர் தேறிவிட்டதாக முடிவு கட்டிவிடுகிறது. ஆகவே, 'இத்தனை நாள் கழித்து எழுதினால் என்ன நினைப்பாரோ' என்று நாம் தயங்குகிற நாள்தான் எழுதத் தோதான நாள்.

அடுத்தது, கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும் ஒரு தப்பெண்ணம். ஆறுதல் சொல்வதென்றால் தைரியம் சொல்வது என்று நினைத்துக்கொள்கிறோம். 'எல்லாம் சரியாயிடும், தைரியமா இருங்க' என்கிறோம். சரியாகிவிடும் என்று டாக்டரே உறுதி சொல்லாதபோது நாம் சொல்கிறோம். பெரியப்பாவுக்கு ராத்திரியில் பயமாக இருக்கிறது. தைரியமாக இருக்கச் சொன்னவரிடம் அதை எப்படிச் சொல்வார்? சிலர் 'எங்க மாமனாருக்கும் இதேதான், மூணே மாசத்துல மாடு கட்டுனார்' என்பார்கள். நான்காவது மாதம் நடக்கவே முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது அந்த மாமனார் வந்து மண்டைக்குள் நிற்பார்.

இன்னொரு பக்கம் கேள்விகள். 'டாக்டர் என்ன சொன்னார்? சுகர் எவ்வளவு? சாப்பாடு இறங்குதா?' அக்கறையில்தான் கேட்கிறோம். ஆனால் பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும்: வந்த மொய் ஒவ்வொன்றும் நோட்டில் ஏறும், ஒருநாள் திருப்பிச் செய்தாக வேண்டும். நம் கேள்வியும் அப்படித்தான் போய் அவர் கணக்கில் ஏறுகிறது. நாற்பது பேர் நலம் விசாரித்தால் நாற்பது பேருக்கும் ஒரே கதையைச் சொல்லும் வேலை, எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருப்பவர் தலையில் விழுகிறது.

பதிலே கேட்காத கடிதத்துக்கு எவ்வளவு வலு என்பதை அமெரிக்காவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் சோதித்துப் பார்த்தார். மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்ந்து, வெளியே வந்தபின் தொடர் சிகிச்சை வேண்டாம் என்று இருந்துவிட்ட 843 பேரை அவர் எடுத்துக்கொண்டார். ஒரு பகுதியினருக்கு எதுவும் அனுப்பவில்லை. மற்றவர்களுக்கு ஐந்து வருடம், முதலில் மாதாமாதமும் பிறகு இடைவெளி விட்டும் சின்னக் கடிதம் போனது. உங்களை நினைத்தோம், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்கிற மாதிரி இரண்டு மூன்று வரி. அறிவுரை கிடையாது, விசாரிப்பும் கிடையாது. 2001இல் வெளியான முடிவின்படி, முதல் இரண்டு வருடங்களில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறிப்பிடத்தக்க அளவு குறைவு. இதை அப்படியே பெரியப்பாவின் ஆபரேஷனுக்குப் பொருத்திவிட முடியாதுதான். ஆனால் அந்தக் கடிதங்களுக்குள்ளே என்ன இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் தயக்கத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. பெக்கி லியு என்பவரும் சக ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், திடீரென்று வரும் சின்னச் செய்தியைப் பெறுபவர் எவ்வளவு ரசிக்கிறார் என்பதை அனுப்புகிறவர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். எதிர்பாராமல் வந்தால் மகிழ்ச்சி இன்னும் கூடுதல்.

சரி, பெரியப்பாவுக்கு என்ன எழுதுவது? ஜூன் 12 வழக்கமாக மேட்டூர் திறக்கும் நாள். அணையில் எத்தனை அடி என்பதுதான் அன்றைக்கு டெல்டா முழுக்கப் பேச்சு. மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். வயலுக்குப் போக முடியாமல் கட்டிலில் கிடப்பவருக்கு இதைவிடப் பெரிய சேதி உண்டா? ஊரில் இருக்கும் தம்பியிடம் கேட்டு இப்படி எழுதலாம்:

'பெரியப்பா, புது ஆத்துல தண்ணி வந்துட்டுதாம். நம்ம வாய்க்கா மதகுகிட்ட ஆகாயத்தாமரை அடைச்சிருந்துச்சாம், தம்பி இறங்கி அள்ளிப் போட்டுட்டானாம். உங்க ஞாபகம் வந்துச்சு. பதில் போட வேணாம், படுத்துக்குங்க.'

நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் மதகு அவருடையது, ஆறும் அவருடையது. அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கண்ணாடியைத் தேடி எடுத்து நமக்குப் பதில் தட்ட ஆரம்பித்துவிடுவார்.

கேள்வியே கூடாதா என்றால், ஒரே ஒரு வகை கூடும். அவர் தேர்ந்த விஷயத்தில் யோசனை கேட்பது. 'குறுவைக்கு ஏடிடி 43 போடலாமா, 45 போடலாமா? அவசரமில்லை' என்றால் அவர் நோயாளி இல்லை, கெட்டிக்கார விவசாயி. கும்பகோணத்து எழுத்தாளர் கு.ப.ரா.வுக்குக் கண்புரையால் பார்வை மங்கியபோது, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர் தங்கை சேது அம்மாள். பின்னாளில் அவரும் கதாசிரியரானார். கதை சொல்லுங்கள் என்று பேனாவோடு வந்து உட்காருவதைவிட வேறென்ன ஆறுதல் வேண்டியிருக்கிறது?

போனில் படிக்கச் சிரமப்படுகிறவர் என்றால் தபாலில் அனுப்புங்கள், கொட்டை எழுத்தில். அஞ்சலட்டை இன்னமும் 50 காசுதான்.