கறுத்த என்ற பாதிப் பெயர்

பார்கோடு என்ற சொல் கடையிலிருந்து வந்தது. சோப்புக் கட்டியின் முதுகிலுள்ள கோடுகளைக் கருவி வாசிப்பதுபோல, துணுக்குத் தசையிலிருந்து ஒரு மீனின் பெயரைச் சொல்லிவிட முடியும் என்பதைக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்து பால் ஹெபெர்ட்டும் சகாக்களும் 2003இல் முன்வைத்தார்கள். உயிர்களைச் சரக்காக்கும் உருவகம் இது என்று நம் நண்பர்கள் உடனே கிளம்பிவிடுவார்கள். நியாயம்தான். ஆனால் உருவகத்தைத் திட்டிவிட்டு நகர்ந்தால் உள்ளே நடப்பதைத் தவறவிடுவோம். தமிழ் படித்தவன் என்ற முறையில் என்னை உறுத்துவது பெயர்.

முறை எளிதானது. உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் சி.ஓ.ஐ. என்றொரு மரபணு. அதில் ஏறத்தாழ 650 எழுத்து நீளமுள்ள துண்டைப் பெருக்கி, எழுத்தெழுத்தாக வாசிக்கிறார்கள். மொத்தம் நான்கே எழுத்துகள். அடையாளம் காண அந்த வரிசையின் அர்த்தம் தேவையில்லை, மற்றவற்றிலிருந்து அது வேறுபடுவது போதும். மொழிக்குறிகளைப் பற்றி சசூர் சொன்னது இங்கே ஞாபகம் வருகிறது அல்லவா? ஆஸ்திரேலியாவில் 207 மீனினங்களை 2005இல் வார்டு குழுவினர் இப்படி வாசித்தபோது, ஒரே இனத்துக்குள் சராசரி வேறுபாடு 0.39 சதவீதம், ஒரே பேரினத்தின் வெவ்வேறு இனங்களுக்கிடையே 9.93. இந்த இடைவெளியில்தான் முறை நிற்கிறது. சூரை மீன்கள் சிலவற்றில் இடைவெளி மெலிந்துபோகும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழி வருவதால் கட்லாவும் ரோகுவும் கலந்த பண்ணைக் குஞ்சுக்குத் தாயின் பெயரே கிடைக்கும், தகப்பன் காணாமல் போவான்.

சரி, வரிசை கிடைத்தாயிற்று. பெயர்? அது கருவிக்குள் இல்லை. யாரோ ஏற்கெனவே பெயரிட்டுச் சேமித்த வரிசைகளோடு ஒப்பிட்டால்தான் வரும். அங்கே தப்பாக எழுதியிருந்தால் கருவி அதே தப்பைத் துல்லியமாகத் திருப்பிச் சொல்லும். அந்தப் பெயர்களோ, என்றோ ஒருவர் மாதிரியாக வைத்து விவரித்த மீன்களைச் சார்ந்தவை.

அப்படிப்பட்ட மீன்களில் சில நம் கரையிலிருந்து போனவை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தரங்கம்பாடியிலிருந்த பாதிரியார் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான், பெர்லின் மருத்துவர் ப்ளாக்குக்கு மீன்களை அனுப்பினார். 1793இல் ப்ளாக் வைத்த ஒரு பெயர் ஜோனியஸ் கருட்டா. முன்பாதி பாதிரியார். பின்பாதி, கறுத்த கத்தாளையின் 'கறுத்த'. பெயரடை பெர்லின் போய்ச் சேர்ந்தது, கத்தாளை கரையிலேயே நின்றுவிட்டது. காலனியம் தமிழ்ப்பெயரை அழித்துவிட்டது என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. பாதியை எடுத்துக்கொண்டது. வலை இழுத்தவருக்கும் பெயர் சொன்னவருக்கும் அதில் இடமில்லை.

வெறும் சொல்லாராய்ச்சி என்று இதை ஒதுக்க முடியாதபடி சட்டம் குறுக்கே வருகிறது. 2001 ஜூலையில் மத்திய அரசு சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள், டிசம்பரில் அது 10 இனங்களாகச் சுருங்கியது. அதில் ஒன்று ரிங்கோபேட்டஸ் ஜிட்டென்சிஸ். செங்கடல் கரையிலுள்ள ஜித்தாவின் பெயரால் 1775இல் வெளியான பெயர். அந்த இனம் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதிக்கு உரியது. இந்தியக் கரைகளில் அப்பெயரில் பதிவானவை பெரும்பாலும் அதே பேரினத்தின் வேறு இனங்கள் என்று பிற்பாடு தெரிந்தது. சட்டம் காத்தது ஒரு பெயரை, வலையில் வந்தது இன்னொரு மீன். (2022 திருத்தத்தில் அட்டவணைகளே மாற்றி எழுதப்பட்டன.)

துடுப்பை அறுத்துக் காயவைத்து மூட்டை கட்டிவிட்டால் எந்த மீன் என்று கண்ணால் சொல்வது நிபுணருக்கே கஷ்டம். அங்கே பார்கோடு நிஜமாகவே உதவுகிறது. நான் அதற்கு எதிரியில்லை. அமெரிக்காவில் வாங்கிய 1,215 மீன் மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்கு பொய்ப்பெயரில் விற்கப்பட்டதை 2013இல் ஓசியானா அமைப்பு வெளிக்கொண்டுவந்ததும் இம்முறையால்தான். கேள்வி, சோதனையைக் கேட்க யாரால் முடியும் என்பது. அதிகாரியால் முடியும். ஏற்றுமதிக்காரர் காசு கட்டுவார். மூட்டையோடு பிடிபட்ட கூலிக்காரர் 'இது அந்த மீனில்லைங்க' என்று சொன்னால் யார் தசையை வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்போகிறார்கள்?

பார்கோடு பதிவில் மாதிரி இருக்குமிடம், சேகரித்தவர், ஊர், தேதி எல்லாம் உண்டு. ஏலக்கூடத்தில் மீனை விலைக்கு வாங்கிய ஆய்வாளரே சேகரித்தவர் ஆகிவிடுகிறார். கூடையைக் கவிழ்த்து, 'இது வேற தம்பி, அதோட சேக்காதே' என்று பிரித்துத் தரும் அம்மாள் சொல்லும் பெயருக்கும் அங்கே ஒரு கட்டம் வேண்டும், அவர் பேருக்கும் இன்னொன்று.