உரோமை நகரில் முதல் நாள்

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பர் நம் பெரியோர். அப்பயிரின் நடுவே முதல் களை எப்பொழுது முளைக்கிறது? பெரும்பாலும் முதல் மாதத்திலேயே முளைத்துவிடுகிறது என்பதை இருபத்தைந்து ஆண்டுகளாகப் பங்குப் பணியில் இருக்கும் நாம் நன்கறிவோம். முளைத்த அன்றே பிடுங்கி எறியப்பட்ட ஒரு களையைப் பற்றி இம்மாதம் நம் குடும்பத்தாருக்குச் சொல்ல விரும்புகிறோம். உரியவர்களின் இசைவு பெற்றே எழுதுகிறோம். பெயர்களை மட்டும் தவிர்த்துக்கொள்கிறோம்.

2025 செப்டம்பரில் நம் ஆலயத்தில் நாம் மந்திரித்து வைத்த திருமணம் அது. மணமகன் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். மணமகள் பள்ளி ஆசிரியை. விருந்தைச் சுருக்கி, மிஞ்சியதைக் கொண்டு யூபிலி ஆண்டில் உரோமையைக் கண்டுவர முடிவு செய்தனர். புதன்கிழமைதோறும் திருத்தந்தை அளிக்கும் பொதுச் சந்திப்பில் புதுமணத் தம்பதியருக்கென்று தனியிடம் உண்டு. 12-ஆம் பத்திநாதர் 1939 முதல் 1943 வரை இத்தகைய சந்திப்புகளில் புதுமணத் தம்பதியருக்கென்றே உரையாற்றி வந்தார். இச்சந்திப்புக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால், அங்குப் போய்ச் சேருவதற்குக் கட்டணம் உண்டே!

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இருவரும் உரோமையில் இறங்கினர். விமான நிலையத்திலிருந்து தெர்மினி நிலையத்துக்கு விரைவு இரயிலில் ஒருவருக்கு 14 யூரோ. பேருந்தில் ஏறத்தாழ அதில் பாதிதான். எனவே பேருந்தில் சென்றனர். நிலையத்தருகே எடுத்திருந்த சிறிய அறைக்கு வாடகையை முன்கூட்டியே கட்டியிருந்தனர். ஆயினும் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகர வரியைத் தனியே கேட்டபோது மணமகன் திகைத்துப்போனார். அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

அருகிலிருந்த புனித மரியா பெருங்கோவிலுக்கு நடந்தே சென்றனர். 2025 ஏப்ரல் 26 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அடக்கம் செய்யப்பட்ட ஆலயம் அது. எளிய கல்லறைமுன் சிறிது நேரம் முழந்தாளிட்டு மன்றாடினர். பின்பு ஒரு கடையில் நின்றபடியே காப்பி அருந்தினர். அமர்ந்து குடித்தால் விலை கூடும் என்பதை யாரோ சொல்லியிருந்தார்கள்.

இதுவரை எல்லாம் நலமே. புகையிலைக் கடையில் பயணச்சீட்டு வாங்கி 64-ஆம் எண் பேருந்தில் ஏறினர். அந்நகரில் காகிதச் சீட்டை வாங்கினால் மட்டும் போதாது. வண்டியிலுள்ள இயந்திரத்தில் அதைச் செருகி முத்திரை பதிக்கவும் வேண்டும். இவர்கள் அதை அறியவில்லை. பரிசோதகர் வந்தார். அபராதம் இருவருக்கும் சேர்த்து நூறு யூரோவைத் தாண்டியது. மணமகன் பணப்பையைத் திறந்து எண்ணிப் பார்த்தார். கொடுத்துவிட்டால் மறுநாள் உணவுக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்பொழுது மணமகள் தம் கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்து, நான்காய் மடித்த நூறு யூரோத் தாளொன்றை எடுத்து நீட்டினார்.

வழியிலேயே இறங்கியபின் அவர் கேட்டார்: "இது உன்னிடம் எப்படி வந்தது?"

"அம்மா தந்தார்கள். அவசரத்துக்கு வைத்துக்கொள், யாரிடமும் சொல்லாதே என்றார்கள்."

"அந்த 'யாரிடமும்' என்பதில் நானும் அடக்கமா?"

மணமகள் பதில் சொல்லவில்லை. அவர் பத்தடி முன்னே நடக்க, அந்தப் பெண் பின்னே நடந்தார். ஆனால் விலகிப் போகவும் வழியில்லை. அறையின் சாவி மனைவியின் பையில். நகரின் வழிப்படம் கணவரின் கைப்பேசியில்! ஊர் தெரியாது, மொழி தெரியாது. அந்நகரில் ஒருவருக்கு ஒருவரைத் தவிர வேறு உறவில்லை.

இவ்வாறே பாந்தியோன் வரை வந்தனர். 609-ஆம் ஆண்டு முதல் ஆலயமாக விளங்கும் பழம்பெருங் கட்டடம் அது. 2023 ஜூலை முதல் அதைப் பார்வையிடக் கட்டணம் உண்டு. அவர்கள் சென்றபோது அது 5 யூரோவாக இருந்தது. எனவே வெளியே நின்று தூண்களைப் பார்த்தனர். தாகம் வாட்டியது. தண்ணீர்ப் புட்டி வாங்கவோ மனமில்லை.

அந்நகரின் தெருக்களில் வளைந்த மூக்குப் போன்ற குழாயுடன் இரும்பாலான குடிநீர்த் தூண்கள் பல நிற்கின்றன. 'நசோனே', அதாவது பெரிய மூக்கு, என்று அவற்றை அழைப்பர். 1870-களில் தொடங்கிய ஏற்பாடு இது. நீர் இலவசம், இடையறாது ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரு சந்து முனையில் அத்தகைய தூண்முன் இவர்கள் தயங்கி நிற்க, அவ்வூர் மூதாட்டி ஒருவர் வந்து குழாயின் வாயை விரலால் அடைத்துக் காட்டினார். குழாயின் மேலுள்ள சிறு துளை வழியே நீர் பீறிட்டு எழுந்தது! பின்பு கணவர் அடைக்க மனைவி பருகினார். மனைவி அடைக்கக் கணவர் பருகினார்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "நானும் ஒன்றை மறைத்தேன். விமானக் கட்டணத்தில் பாதி, வட்டிக்கு வாங்கிய கடன்."

மணமகள் சினங்கொள்ளவில்லை. "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். அங்கேயே ஒரு படிக்கட்டில் அமர்ந்து, அபராத இரசீதின் பின்புறத்தில் கடன், வட்டி, இருவர் சம்பளம், கையிருப்பு அனைத்தையும் எழுதிக் கூட்டிப் பார்த்தனர். எடைபோட்டு விற்கும் பீட்சாத் துண்டொன்றை வாங்கிப் பகிர்ந்துகொண்டனர். வானதூதர் சிலைகள் பத்து அணிவகுக்கும் பாலத்தைக் கடந்து, மாலையில் புனித பேதுரு சதுக்கத்தை அடைந்தனர்.

அச்சதுக்கத்தைச் சூழ்ந்து 284 தூண்கள் நான்கு வரிசையாக நிற்கின்றன. தரையில் பதித்துள்ள ஒரு வட்டக் கல்லின்மீது நின்று நோக்கினால் நான்கு வரிசைகளும் ஒரே வரிசையாகத் தோன்றும். இருவரும் மாறி மாறி அதன்மேல் நின்று பார்த்தார்களாம்.

மறுநாள், மணப்பெண் திருமணச் சேலையுடன், திருத்தந்தை 14-ஆம் லியோவின் ஆசீரைப் பெற்றனர். ஊர் திரும்பியதும் நம்மைக் காண வந்தபோது, அந்தப் படத்தை ஆவலோடு கேட்டோம். "அதற்கு முன் இதைப் பாருங்கள், சாமி" என்று மணமகள் கசங்கிய அந்த இரசீதைத் தந்தார். அதிலுள்ள கடனை இருவரும் சேர்ந்து மாதந்தோறும் அடைத்து வருகின்றனர்.

அன்புத் தாய்மார்களே! மணமாகிச் செல்லும் மகளுக்குக் கைச்செலவுக்குத் தாராளமாகப் பணம் கொடுங்கள், அது அன்பு. ஆனால், "அவரிடம் சொல்லாதே" என்னும் சொல்லை மட்டும் அதோடு முடிந்து கொடுக்காதீர்கள். மணமகன்மாரே! கடன்பட்டு மனைவியை மகிழ்விப்பதைவிடக் கடனைச் சொல்லி அவளை நம்புவது மேல்.