தொட்டால் அதிரும் விளையாட்டு

வேப்பம்பட்டில் காலை மின்சார ரயில் ஏறிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பலர் செல்பேசியில் விளையாடிக்கொண்டேதான் போகிறார்கள். பந்து மட்டையில் பட்டால் கையில் ஒரு துடிப்பு. வண்டி மோதினால் நீண்ட அதிர்வு. அந்த அதிர்வு எத்தனை மில்லி விநாடி இருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். தொடு உணர்வை வைத்துச் செய்யும் இந்த வேலைக்கு 'ஹாப்டிக்ஸ்' என்று பெயர். தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட தெருக்களிலிருந்து படிக்க வரும் நம் மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

விலை குறைந்த செல்பேசிக்குள் விரல் நுனி அளவு மோட்டார் ஒன்று இருக்கும். அதன் அச்சில் ஒரு பக்கம் மட்டும் எடை. சுற்றும்போது அந்த எடை இழுப்பதால் செல்பேசி அதிர்கிறது. வேகம் பிடிக்கவும் நிற்கவும் அதற்குச் சிறிது நேரம் வேண்டும். 10 மில்லி விநாடித் துடிப்பு என்று எழுதினால் பெரும்பாலும் கையில் ஒன்றுமே தெரியாது. விலை உயர்ந்த செல்பேசியில் எடை சுற்றாது, முன்னும் பின்னும் அசையும். அதனால் 'டக்' என்று துல்லியமாகத் தட்டும். 2016-ல் வந்த ஐபோன் 7-ன் முகப்புப் பொத்தான் உண்மையில் அழுந்தவே அழுந்தாது. அழுந்தியதாக விரலை நம்பவைப்பது அதிர்வுதான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விலை உயர்ந்த செல்பேசியை வைத்துக்கொண்டு விளையாட்டை உருவாக்கினால், நம் வீட்டுச் செல்பேசியில் அது வெறும் 'புர்ர்' என்றுதான் கேட்கும். 2020 ஊரடங்கில் ஒரே செல்பேசியை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி வைத்துப் பாடம் படித்த வீடுகள் நம் பகுதியில் ஏராளம். கீறல் விழுந்த திரை, தேய்ந்த பேட்டரி, மந்தமான மோட்டார் எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. செல்பேசி பொருத்தும் வேலையும் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்து 2014-ல் மூடிய பிறகும், சுங்குவார்சத்திரம் பக்கம் ஆலைப் பேருந்துகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பொருத்தும் வரிசையில் நிற்கும் கைகள், அது எப்படி அதிர வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசைக்கும் போகலாமே?

நெதர்லாந்தின் கேம் ஓவன் நிறுவனம் 2012-ல் 'ஃபிங்கிள்' என்றொரு விளையாட்டை வெளியிட்டது. ஒரே ஐபேடில் இருவர் விரல் வைத்து, நகரும் கட்டங்களைத் துரத்த வேண்டும். விரலோடு விரல் உரசாமல் ஆட முடியாது. அங்கே அது கூச்சமும் சிரிப்பும் கலந்த வேடிக்கை. நம் ஊரில் அதற்கு வேறு பொருள் வந்துவிடும். 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கும்மிடிப்பூண்டி அருகே தோக்கமூரில் எழுப்பிய தீண்டாமைச் சுவரோ 2022-ல்தான் இடிக்கப்பட்டது. ஒரே திரையில் விரல் கோத்தால் சாதி போய்விடும் என்று சொல்ல வரவில்லை. சுவரை இறக்கியது போராட்டம். ஆனால் பள்ளியில் ஒரு பெஞ்சில் இருக்கும் இருவர் கைபட்டு ஆடும்படி ஒரு விளையாட்டைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம், கைபடக் கூடாது என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவருக்குத்தான் முதலில் தோன்றும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணிவண்ணனின் 'டச்லேப்' ஆய்வகம் தொடு உணர்வுக்கென்றே இயங்குகிறது. வழவழப்பான திரையிலேயே சொரசொரப்பை விரல் உணரும் 'ஐடாட்' என்ற நுட்பத்தை மெர்கல் ஹாப்டிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். ரயிலில் போனால் எட்டிவிடும் தூரம்தான்.

அதிர்வை எழுதுவது எப்படி? 200, 100, 200 என்று மூன்று எண்கள் கொடுத்தால், 200 மில்லி விநாடி அதிர்வு, 100 இடைவெளி, மறுபடி 200 அதிர்வு. பறை அடிப்பவரிடம் காட்டினால் சிரிப்பார். அடியைவிட அடிக்கு நடுவே விடும் இடைவெளிதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது என்பது அவருக்குத் தெரியும். நெஞ்சில் பறை அதிர்வதைக் காது கேளாதவரும் உணர்கிறார். அந்த அறிவைக் கணினியில் எழுதினால், கண் தெரியாத பிள்ளையும் ஆடக்கூடிய விளையாட்டு கிடைக்கும்.

'கோடோ' என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள் இலவசம். எளிய விளையாட்டுக்கு அரசு கொடுத்த மடிக்கணினியே போதும். ஆண்ட்ராய்டுக்கு மாற்றும்போது 'வைப்ரேட்' அனுமதியை டிக் செய்ய மறந்தால் செல்பேசி அசையாது. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இணைய உலாவியிலும் எழுதலாம். ஆண்ட்ராய்டு குரோமில் அதிரும், ஐபோனின் சஃபாரியில் அதிராது.

சோதிக்கும்போது தெருவில் இருப்பதிலேயே பழைய செல்பேசியைக் கேட்டு வாங்குங்கள். ஒரு துடிப்பு இடப்பக்கம், இரண்டு துடிப்பு வலப்பக்கம் என்று வைத்து, ஒலியை அணைத்து, நண்பரின் கண்ணைக் கட்டி ஆடவிடுங்கள். அவர் இரண்டையும் குழப்பிக்கொண்டால் இடைவெளியை 100-லிருந்து 150 ஆக்கிப் பாருங்கள்.